ஸ்டில்ட் பார்க்கிங்கில் ஒரு 15 ஆம்ப்ஸ் பாயின்ட்: எந்த மின்சார கார் போதும்?

கேள்வி இதுதான். குரோம்பேட்டையில் அடுக்குமாடி வீடு, கீழே ஸ்டில்ட் பார்க்கிங். சிறுசேரி அலுவலகத்துக்குப் போக வர 50 கி.மீ. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை குடும்பத்தோடு திருச்சி. வீட்டுக்கு த்ரீ ஃபேஸ் இணைப்பு. டாடா நெக்ஸான் 45, எம்.ஜி. விண்ட்சர் 38, ஹூண்டாய் கிரெட்டா எலெக்ட்ரிக் 51.4 (எண்கள் பேட்டரியின் அளவு), இந்த மூன்றில் எது? சுவரில் 7.2 கிலோவாட் சார்ஜர் மாட்டியே ஆக வேண்டுமா? அலுவலகத்தில் சார்ஜர் இருக்கிறதே, அதை நம்பலாமா?

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மீட்டரிலிருந்து பார்க்கிங் வரை ஒரு 15 ஆம்ப்ஸ் லைன் இழுக்க முடிந்தால், மூன்றில் சின்ன பேட்டரியே போதும். பெரிய பேட்டரிக்குத் தரும் பணம் வீண். இழுக்கவே முடியாது என்றால் கணக்கு தலைகீழாகும்: பெரிய பேட்டரியும் நல்ல டி.சி. வேகமும் (பொது இடத்து வேகச் சார்ஜரில் ஏறும் வேகம்) உள்ள காரைப் பாருங்கள், அல்லது இன்னும் இரண்டு வருடம் பெட்ரோலிலேயே ஓட்டுங்கள். ஆகவே ஷோரூமுக்குப் போவதற்கு முன்னால் போக வேண்டிய இடம் உங்கள் பில்டிங்கின் மீட்டர் அறை.

இனி கணக்கு. பேட்டரியின் ‘கிலோவாட் அவர்’ என்பதும் ஈ.பி. பில்லில் வரும் ‘யூனிட்’ என்பதும் ஒன்றுதான். 45 கிலோவாட் அவர் பேட்டரி என்றால் 45 யூனிட் பிடிக்கும் தொட்டி. இந்த அளவு கார்கள் சென்னை டிராஃபிக்கில், ஏ.சி. போட்டு, கி.மீ.க்கு சுமார் 0.14 யூனிட் தின்னும். 50 கி.மீ.க்கு 7 யூனிட். சார்ஜ் ஏறும்போது 10 முதல் 15 சதவீதம் சூடாக வீணாகும், அதனால் மீட்டரில் ஓடுவது 8 யூனிட்.

காரோடு வரும் போர்ட்டபிள் சார்ஜரை 15 ஆம்ப்ஸ் பாயின்ட்டில் செருகினால் ஏறத்தாழ 13 ஆம்பியர் இழுக்கும். 230 வோல்ட்டில் அது 3 கிலோவாட். 8 யூனிட்டுக்கு 2 மணி 40 நிமிடம். இரவு 10 மணிக்குச் செருகிக் காலை 6 மணிக்கு எடுத்தால் பேட்டரிக்குள் 21 யூனிட் போயிருக்கும், அதாவது 150 கி.மீ. உங்கள் தேவை அதில் மூன்றில் ஒரு பங்கு. 7.2 கிலோவாட் சார்ஜர் இதே வேலையை ஒரு மணி நேரத்துச் சொச்சத்தில் முடிக்கும், மீதி ஏழு மணி நேரம் சும்மா நிற்கும். தூங்கும்போது எதற்கு அவசரம்?

தொட்டி எவ்வளவு பெரிதாக வேண்டும் என்பதைத் தினசரி ஓட்டம் தீர்மானிப்பதில்லை, சார்ஜ் ஏறாமல் போகக்கூடிய நாட்கள்தான் தீர்மானிக்கும். தினமும் செருக முடிகிறவருக்கு 25 யூனிட் பேட்டரியே தாராளம். டியாகோ இ.வி.யின் 24 யூனிட் பேட்டரி 15 ஆம்ப்ஸில் 10 சதவீதத்திலிருந்து நிரம்ப ஒன்பது மணி நேரத்துக்குள்தான் ஆகும், அதாவது ஒரே இரவில் முழுதும் நிரம்பும். வாரத்துக்கு ஒருமுறைதான் செருக முடியும் என்பவருக்கு 350 கி.மீ. ஓட்டம் தேவை, 50 யூனிட்டுக்குக் குறைந்தால் தினமும் சதவீதத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்ட வேண்டியதுதான்.

திருச்சிப் பயணத்துக்காகத்தான் பெரிய பேட்டரி என்று நீங்கள் நினைப்பது தெரிகிறது. அதையும் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். குரோம்பேட்டையிலிருந்து திருச்சி சுமார் 315 கி.மீ. நெடுஞ்சாலையில் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் கி.மீ.க்கு 0.16 யூனிட் ஆகும், ஆக மொத்தம் 50 யூனிட். வீட்டிலிருந்து 100 சதவீதத்தோடு கிளம்பி, 15 சதவீதம் மீதத்தோடு போய்ச் சேர வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 38 யூனிட் காருக்கு வழியில் 18 யூனிட் ஏற்ற வேண்டும். 45-க்கு 12. 51.4-க்கு 6 அல்லது 7. வழியில் கிடைக்கும் சாதாரண டி.சி. சார்ஜரில் இது முறையே 35 முதல் 40 நிமிடம், 20 நிமிடம், 10 நிமிடம். மூன்று காரும் ஒரு முறை நின்றே ஆக வேண்டும். உளுந்தூர்பேட்டையில் டிபன் சாப்பிட்டு முடிக்க அரை மணி ஆகும். ஆக, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மிச்சமாகும் 25 நிமிடத்துக்காக எத்தனை லட்சம் கூடுதலாகத் தரலாம் என்பதை வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள்.

விளம்பரத்தில் வரும் கி.மீ. எண்ணை இந்தக் கணக்கில் நுழைக்கவே வேண்டாம். நெக்ஸான் 45-க்குச் சோதனைச் சான்றிதழ் சொல்வது 489 கி.மீ.; நடைமுறையில் 350 முதல் 370 என்று டாடாவே தனியாக அறிவிக்கிறது. நெடுஞ்சாலையில் 100-ல் பிடித்தால் அதுவும் 280-க்கு இறங்கும். யூனிட்டை வைத்துக் கணக்குப் போட்டால் ஏமாற மாட்டோம்.

மீட்டர் அறையிலிருந்து பார்க்கிங் வரை

15 ஆம்ப்ஸ் பாயின்ட் போதும் என்றதும், ‘பார்க்கிங் தூணில் ஏற்கெனவே ஒரு பிளக் இருக்கிறதே’ என்று பலர் அதிலேயே செருகிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது கார் கழுவும் மோட்டாருக்கோ வேக்குவம் கிளீனருக்கோ போட்டது. பொது மீட்டரிலிருந்து 2.5 ஸ்கொயர் எம்.எம். ஒயரில் வந்து, வழியில் நான்கு விளக்குக்கும் கிளை பிரிந்திருக்கும். கீசர் 15 ஆம்ப்ஸ்தான், ஆனால் பத்து நிமிடத்தில் நின்றுவிடும். கார் 13 ஆம்பியரை இடைவிடாமல் ஆறு, எட்டு மணி நேரம் இழுக்கும். வீட்டு ஒயரிங்கில் இப்படி இழுக்கும் சாமான் வேறு எதுவும் இல்லை.

முதலில் வேகிறது சாக்கெட்தான். உள்ளே பித்தளைக் கவ்வி தளர்ந்தோ ஸ்க்ரூ சரியாக முறுக்கப்படாமலோ இருந்தால், அந்த இணைப்பில் 0.1 ஓம் தடை வந்தாலே போதும். 13-ஐ 13-ஆல் பெருக்கி 0.1-ஆல் பெருக்குங்கள்: 17 வாட். கட்டைவிரல் அளவு இடத்துக்குள் ஒரு சின்ன சால்டரிங் அயர்னை இரவு முழுக்க ஆன் செய்து வைத்த மாதிரி. சூட்டில் கவ்வி இன்னும் தளரும், தளர்ந்தால் சூடு இன்னும் ஏறும். முதல் வாரம் பிளக் வெதுவெதுப்பாக இருக்கும். மூன்றாவது மாதம் நியூட்ரல் துளையைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பாகும். பிறகு ஒருநாள் பிளக்கைப் பிடுங்கினால் சாக்கெட்டும் சேர்ந்து வரும்.

ஆகவே தனி லைன் போடுங்கள். உங்கள் வீட்டு மீட்டருக்குப் பக்கத்திலேயே, மெயினுக்குப் பிறகு, காருக்கு மட்டும் ஒரு சின்ன டி.பி. பெட்டி (பாதுகாப்பு சுவிட்சுகள் இருக்கும் பெட்டி). அதில் 20 ஆம்ப்ஸ் சி கர்வ் எம்.சி.பி. (மின்சாரம் அளவு மீறினால் தானாக விழும் சுவிட்ச்), 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் துண்டிக்கும் சுவிட்ச்). ஆர்.சி.சி.பி.யில் ‘டைப் ஏ’ என்று கேட்டு வாங்குங்கள். கடையில் கேட்காமல் எடுத்துத் தருவது ‘டைப் ஏ.சி.’; கார் சார்ஜர் மாதிரியான எலெக்ட்ரானிக் லோடில் வரும் கசிவை அது சரியாகப் பிடிக்காது.

ஒயர் கணக்கில் கஞ்சத்தனம் வேண்டாம். மீட்டர் அறையிலிருந்து உங்கள் தூண் வரை 30 மீட்டர் என்று வைத்தால், 2.5 ஸ்கொயர் எம்.எம். தாமிர ஒயரில் 6 வோல்ட் விழும், ஒயரிலேயே 80 வாட்டை ஒட்டிச் சூடாகப் போகும். 4 ஸ்கொயரில் 4 வோல்ட்டுக்கும் குறைவு. 15 ஆம்ப்ஸுக்கு 4 போதும். ஆனால் கேபிளை விடக் கூலியும் கான்டியூட்டும்தான் செலவு, எனவே இப்போதே 6 ஸ்கொயர் ஆர்மர்டு கேபிளாக இழுத்துவிடுங்கள். நாளைக்கு 7.2 கிலோவாட் சார்ஜர் வேண்டும் என்றால் எம்.சி.பி.யையும் சாக்கெட்டையும் மாற்றினால் போதும், சுவரை மறுபடி உடைக்க வேண்டியதில்லை. தூரம் 40 மீட்டரைத் தாண்டி, 32 ஆம்பியர் எண்ணமும் இருந்தால் 10 ஸ்கொயர்.

சாக்கெட்டின் உயரம் சென்னைக்காரர்களுக்குத் தனி விஷயம். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் உங்கள் ஸ்டில்ட்டில் தண்ணீர் எதுவரை நின்றது என்று வாட்ச்மேனிடம் கேளுங்கள். தூணில் கறை இன்னும் இருக்கலாம். அதற்கு ஓரடி மேலே பொருத்துங்கள், எப்படியும் நாலடிக்குக் கீழே வேண்டாம். போர்ட்டபிள் சார்ஜரின் பெட்டி கனமானது. அது பிளக்கிலிருந்தே தொங்கினால் அந்தக் கனம் கவ்வியை ஒரு பக்கமாக இழுத்துத் தளர்த்தும், மேலே சொன்ன வெப்பக் கதை அங்கேதான் ஆரம்பிக்கும். பக்கத்தில் ஒரு கொக்கி அடித்துப் பெட்டியை அதில் மாட்டுங்கள். இருபது ரூபாய்க் கொக்கி.

எர்த். பாதிப் புகார்கள் இங்கேதான் வருகின்றன: ‘காரில் கோளாறு, சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிகிறது’ என்பார்கள். காரில் ஒன்றும் இருக்காது, எர்த் இருக்காது. ஃபேனும் டிவியும் எர்த் இல்லாமல் வருடக்கணக்கில் ஓடும்; கார் சார்ஜர் எர்த்தைச் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் மின்சாரத்தை விடும். மல்டிமீட்டர் இருக்கும் எலெக்ட்ரீஷியனை அழைத்து மூன்று அளவு எடுக்கச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230-ஐ ஒட்டி வர வேண்டும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே ஏறத்தாழ அதே அளவு. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே இரண்டு மூன்று வோல்ட்டுக்குள். மூன்றாவது எண் பத்து, பதினைந்து என்று காட்டினால் பில்டிங்கின் எர்த் குழி காய்ந்துபோயிருக்கிறது அல்லது நியூட்ரல் எங்கோ தளர்ந்திருக்கிறது. இந்த அளவை லோடு ஓடும்போதும் எடுக்க வேண்டும். அதே சாக்கெட்டில் ஒரு 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பில் தண்ணீரை வைத்து ஓட விட்டு மறுபடி பாருங்கள். சும்மா இருக்கும்போது 230 காட்டிய பாயின்ட் லோடில் 205-க்கு இறங்கினால் ஒயரிங்கைச் சரி செய்யாமல் காரை புக் செய்யாதீர்கள்.

சிவப்பு விளக்கைத் தவிர்க்க நியூட்ரலையும் எர்த்தையும் சாக்கெட்டுக்குள்ளேயே துண்டு ஒயரால் இணைத்துத் தரும் ‘திறமைசாலி’ எலெக்ட்ரீஷியன்கள் இருக்கிறார்கள். விளக்கு பச்சையாகும். நியூட்ரல் அறுந்த அன்று காரின் உடம்பு முழுவதும் கரண்ட் வரும். யார் சொன்னாலும் அதைச் செய்ய விடாதீர்கள்.

7.2 எப்போது தேவை?

இரவு ஷிஃப்ட் முடிந்து பகலில் மூன்று மணி நேரம்தான் கார் வீட்டில் நிற்கும்; ஒரே பாயின்ட்டை இரண்டு கார் பகிர்கின்றன; தினமும் 150 கி.மீ.க்கு மேல் ஓட்டம். 60 யூனிட்டைத் தாண்டிய பேட்டரி. இவற்றில் ஒன்று இருந்தால் நியாயம். மற்றபடி, காரோடு இலவசமாகத் தருகிறார்கள் என்பதற்காக மாட்டினால், அதற்குப் பின்னால் வரும் மின்பளு (வீட்டு இணைப்புக்கு ஈ.பி. அனுமதித்த கிலோவாட்) விவகாரத்தையும் சேர்த்து வாங்குகிறீர்கள்.

அது என்ன விவகாரம்? தமிழ்நாட்டில் சிங்கிள் ஃபேஸ் இணைப்புக்கு உச்சவரம்பு 4 கிலோவாட். எனவே சிங்கிள் ஃபேஸ் வீட்டில் 7.2 என்ற பேச்சுக்கே இடமில்லை, முதலில் த்ரீ ஃபேஸுக்கு மாற விண்ணப்பிக்க வேண்டும். உங்களுக்கு த்ரீ ஃபேஸ் இருக்கிறது, சரி. ஆனால் 7.2 சார்ஜர் மூன்று ஃபேஸிலிருந்தும் எடுக்காது. ஒரே ஃபேஸிலிருந்து 32 ஆம்பியரை உறிஞ்சும். அந்த ஃபேஸில் படுக்கையறை ஏ.சி.யும் இருந்தால் மெயின் விழும். டி.பி.யைத் திறந்து எந்த ஃபேஸில் ஏ.சி.யும் கீசரும் இல்லையோ அதைக் காருக்கு ஒதுக்கச் சொல்லுங்கள். ஈ.பி. கணக்கில் உங்களுக்கு அனுமதிக்கப்பட்ட மின்பளு எத்தனை கிலோவாட் என்று பார்த்து, போதாவிட்டால் கூடுதல் மின்பளுவுக்கு விண்ணப்பிப்பதும் அவசியம்.

நம் வீடுகளுக்கே உரிய இன்னொரு ஆபத்து, ஃபேஸ் சேஞ்சர் சுவிட்ச். ஒரு ஃபேஸ் போனால் திருகி அடுத்த ஃபேஸில் போடுவோமே, அதேதான். இரவு ஒரு ஃபேஸ் போய், வீட்டில் யாரோ தூக்கக் கலக்கத்தில் எல்லாவற்றையும் ஒரே ஃபேஸுக்குத் திருப்பிவிட்டால், இரண்டு ஏ.சி.யும் காரும் அந்த ஒற்றை ஒயரில் ஏறும். கார் லைனை ஃபேஸ் சேஞ்சருக்கு முன்னாலேயே பிரித்து எடுத்துவிட்டால் இந்த வம்பு இல்லை. அந்த ஃபேஸ் போனால் கார் சார்ஜ் ஆகாது, அவ்வளவுதானே.

கிரெட்டா எலெக்ட்ரிக், மஹிந்திரா பி.இ. 6 போன்றவற்றுக்கு 11 கிலோவாட் ஏ.சி. சார்ஜிங் (வீட்டுக்கு வரும் மின்சார வகை) வசதி உண்டு. இது மூன்று ஃபேஸிலிருந்தும் 16 ஆம்பியர் வீதம் எடுக்கும். வேகம் அதிகம், ஆனாலும் ஒற்றை ஃபேஸை 32 ஆம்பியரில் வதைக்கும் 7.2-ஐ விட த்ரீ ஃபேஸ் வீட்டுக்கு இது நல்லது.

அசோசியேஷன்

‘பில்டிங்கில் அனுமதிக்க மாட்டோம்’ என்பது இனி அவ்வளவு சுலபமாகச் சொல்லக்கூடிய பதில் அல்ல. மத்திய மின் அமைச்சகத்தின் வழிகாட்டுதல்கள் வீட்டின் தற்போதைய இணைப்பிலிருந்தே சொந்தக் காரைச் சார்ஜ் செய்ய இடம் தருகின்றன. 2024 பிப்ரவரியில் திருத்தப்பட்ட மின் நுகர்வோர் உரிமை விதிகள், மின்வாகனத்துக்கென்றே தனி இணைப்பு கேட்கவும் வழி செய்கின்றன. தனி இணைப்பு கேட்டால் அது எந்தக் கட்டணப் பிரிவில் வரும் என்பதை ஈ.பி. பிரிவு அலுவலகத்தில் எழுத்தில் வாங்கிக்கொண்டு மேலே நகருங்கள்.

சட்டத்தைக் காட்டிச் சண்டை பிடிப்பதை விட ஒரு பக்கத் தாள் வேலை செய்யும். உங்கள் சொந்த மீட்டரிலிருந்து எடுக்கிறீர்கள், பொதுக் கரண்ட் ஒரு யூனிட்கூட இல்லை. கேபிள் எந்தச் சுவரோரம் போகும் என்று ஒரு கோட்டுப்படம். உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர் செய்வார். ஜெனரேட்டர் லைனோடு தொடர்பே இருக்காது. இந்த நான்கும் இருந்தால் பெரும்பாலான செயலாளர்கள் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். நான்காவது உண்மையிலேயே முக்கியம்: கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடும்போது நான்கு கார்கள் 3 கிலோவாட் வீதம் இழுத்தால் லிஃப்ட் நின்றுவிடும்.

மீட்டர் அறை முழு பில்டிங் தள்ளி இருக்கிறது, கேபிள் இழுக்க வழியே இல்லை என்றால், பொது மீட்டரிலிருந்து சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்குப் பணம் கட்டலாம். முதல் ஆளுக்கு இது சுலபம். ஐந்தாவது கார் வரும்போது பொது இணைப்பின் மின்பளு பற்றாமல் போகும், அப்போது எல்லாரும் முதல் ஆளைத்தான் பார்ப்பார்கள்.

பில் எவ்வளவு ஏறும்?

‘கி.மீ.க்கு ஒரு ரூபாய்’ என்று விற்பனையாளர் சொல்வது அடுக்குக் கட்டணத்தை மறந்துவிட்டு. உங்கள் ஓட்டம் இரண்டு மாதத்துக்கு சுமார் 3,000 கி.மீ., மீட்டரில் ஏறத்தாழ 475 யூனிட். வீடு ஏற்கெனவே 500 யூனிட் ஓடுகிறது என்று வைத்தால், காரின் யூனிட்கள் எல்லாம் மேல் அடுக்கில் போய் விழும். 2024 ஜூலைக் கட்டணப்படி 501 முதல் 600 வரை 8.55 ரூபாய், 601 முதல் 800 வரை 9.65, 801 முதல் 1,000 வரை 10.70. கூட்டினால் 4,650 ரூபாயை ஒட்டி வரும். 500-ஐத் தாண்டியதும் கீழ் அடுக்கின் மானியமும் குறைவதால் இன்னொரு இருநூற்றுச் சொச்சம். ஆக கி.மீ.க்கு 1.60 ரூபாய். லிட்டருக்கு 15 கி.மீ. தரும் பெட்ரோல் கார், லிட்டர் 100 ரூபாயில், கி.மீ.க்கு 6.70. லாபம்தான், சந்தேகமில்லை, விற்பனையாளர் சொன்ன அளவு இல்லை. கோடையில் ஏ.சி.யும் சேர்ந்து 1,000-ஐத் தாண்டினால் யூனிட் 11.80. அந்த மாதங்களில் அலுவலகத்தில் இலவசமாகக் கிடைத்தால் விடாதீர்கள்.

அலுவலகச் சார்ஜரை மட்டும் நம்பிக் கார் வாங்காதீர்கள். வேலை மாறும், வீட்டிலிருந்து வேலை என்பார்கள், மூன்று பாயின்ட்டுக்கு முப்பது கார் வரும். உபரி வருமானம் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். அங்கே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு, பலருக்கு இது தெரிவதில்லை. பலகையில் ‘11 கிலோவாட்’ என்று போட்டிருந்தால் உங்கள் 7.2 கிலோவாட் கார் அதில் 7.2 வாங்கும் என்று தோன்றும். வாங்காது. 11 கிலோவாட் என்பது ஃபேஸுக்கு 16 ஆம்பியர். உங்கள் கார் ஒரே ஃபேஸைத்தான் பயன்படுத்தும், ஆகவே கிடைப்பது 3.7. அதே கார் 22 கிலோவாட் பாயின்ட்டில் முழு 7.2 வாங்கும், ஏனென்றால் அங்கே ஃபேஸுக்கு 32 ஆம்பியர். ஒன்பது மணி நேரம் நிற்கும் காருக்கு 3.7-ம் போதும்தான், ஆனால் ‘இரண்டு மணி நேரத்தில் எடுத்துவிடுகிறேன்’ என்று சக ஊழியரிடம் வாக்குக் கொடுக்காதீர்கள். சில இடங்களில் வெறும் டைப் 2 (ஏ.சி. சார்ஜிங்குக்கான) துவாரம் மட்டும் இருக்கும், கேபிளை நாம்தான் கொண்டுபோக வேண்டும்.

வீட்டில் வழியே இல்லை என்றால்

வாரத்துக்கு 350 கி.மீ., 49 யூனிட். 45 யூனிட் காரில் 10-லிருந்து 80 சதவீதம் வரை ஏற்றினால் 31 யூனிட் சொச்சம், எனவே வாரத்துக்கு ஒன்றரை முறை டி.சி. சார்ஜர். 38 யூனிட் காருக்கு இரண்டு முறை. ஊருக்குள் இருக்கும் பல டி.சி. கன்கள் (காரில் செருகும் சார்ஜர் முனைகள்) 30 கிலோவாட். 60 என்று எழுதியிருக்கும் இரட்டைக் கன் மிஷினில் பக்கத்தில் இன்னொரு கார் வந்து செருகினால் அதுவும் 30, 30 ஆகப் பிரிந்துவிடும். அதாவது ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம். பொது இடத்தில் யூனிட் 20 ரூபாயை ஒட்டி, மேலே 18 சதவீத ஜி.எஸ்.டி. பெட்ரோலை விட மிச்சம் அப்போதும் உண்டு, போவது ஞாயிற்றுக்கிழமைகள்.

இந்த நிலையில் 175 கிலோவாட் வரை வாங்கும் பி.இ. 6 மாதிரிக் காரைப் பார்த்து மயங்க வேண்டாம். உங்கள் வழக்கமான சார்ஜர் 30 கிலோவாட் என்றால் அதுவும் 30-தான் வாங்கும். முதலில் வீட்டிலிருந்தும் அலுவலகத்திலிருந்தும் 3 கி.மீ.க்குள் எத்தனை சி.சி.எஸ். 2 (இந்தக் கார்களுக்குப் பொருந்தும் டி.சி. வகை) கன்கள் என்று எண்ணுங்கள். வரைபடத்தில் புள்ளி தெரிந்தால் போதாது: சில பழைய மிஷின்கள் 15 கிலோவாட் ‘பாரத் டி.சி.’ வகை, இந்தக் கார்களுக்குப் பொருந்தாது. சில ஷோரூம் வாசலில், ராத்திரி பூட்டிவிடுவார்கள். ப்ளக்ஷேர் செயலியில் கடைசியாக யார் எப்போது வெற்றிகரமாகச் சார்ஜ் செய்தார் என்று பாருங்கள், ஒரு வியாழக்கிழமை மாலை நேரில் போய் வரிசையையும் பாருங்கள். இரண்டு வெவ்வேறு இடங்களில் நம்பகமான கன் இல்லையென்றால் வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து.

டி.சி.யையே நம்பி ஓட்டுபவர்கள் பேட்டரி வகையையும் கவனிக்க வேண்டும். விண்ட்சர், பி.இ. 6, பி.ஒய்.டி. அட்டோ 3 ஆகியவற்றில் இருப்பது எல்.எஃப்.பி. (லித்தியம் அயர்ன் ஃபாஸ்ஃபேட்); கிரெட்டாவில் என்.எம்.சி. (நிக்கல் மாங்கனீஸ் கோபால்ட்). எல்.எஃப்.பி. அதிக சார்ஜ் சுழற்சிகளைத் தாங்கும், 100 வரை ஏற்றினாலும் பெரிய கேடில்லை. சொல்லப்போனால் அவ்வப்போது 100 வரை ஏற்றியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் கார்த் திரை காட்டும் சதவீதம் பொய் சொல்ல ஆரம்பிக்கும். என்.எம்.சி.யை அன்றாடம் 80-ல் நிறுத்தி, ஊருக்குப் போகும் முந்தைய இரவு மட்டும் 100 வரை ஏற்றுவது நல்லது. எந்த வகையானாலும் நெடுஞ்சாலையில் 80-க்கு மேல் காத்திருக்காதீர்கள், அதற்கு மேல் வேகம் படுத்துவிடும்.

ஆகவே உங்களுக்கு: லைன் இழுக்க முடிந்தால் விண்ட்சர் 38, அல்லது சாலை மோசமான இடங்களுக்கும் போவீர்கள் என்றால் நெக்ஸான் 45. பின் சீட்டில் பெற்றோரை உட்கார வைத்துப் பார்த்து இரண்டில் ஒன்றை எடுங்கள், சார்ஜ் விஷயத்தில் இரண்டும் உங்களுக்குப் போதும். முடியாது என்றால், கிரெட்டா 51.4 அல்லது விண்ட்சரின் 52.9 யூனிட் மாடல். மூன்றாவது வழியும் இருக்கிறது: பெட்ரோல் காரைத் திருச்சிக்கு வைத்துக்கொண்டு, சிறுசேரிக்கு மட்டும் டியாகோ 24. தினசரி 50 கி.மீ.க்கு அதுவே தாராளம்.

கார் வீட்டுக்கு வரும் முதல் இரவு, போர்ட்டபிள் சார்ஜரிலோ கார்த் திரையிலோ ஆம்பியரைக் குறைக்கும் வசதி இருந்தால் 8 அல்லது 10-ல் வைத்துத் தொடங்குங்கள். ஒரு மணி நேரம் கழித்துக் கீழே போய், பிளக்கின் முதுகில் கை வையுங்கள். வெதுவெதுப்பு சரி. கையை எடுக்கத் தோன்றினால் நிறுத்திவிட்டு எலெக்ட்ரீஷியனை மறுபடி கூப்பிட்டு ஸ்க்ரூக்களை முறுக்கச் சொல்லுங்கள். சரியாக இருந்தால் மறுநாள் 13. ஒருமுறை எம்.சி.பி.யை அணைத்து ஒரு நிமிடம் விட்டுப் போட்டும் பாருங்கள்: சில சார்ஜர்கள் தானாகத் தொடரும், சில மறுபடி செருகும்வரை சும்மா இருக்கும். நள்ளிரவில் ஐந்து நிமிடம் கரண்ட் போகும் ஊரில், உங்களுடையது எந்த ரகம் என்பதைத் திங்கட்கிழமை காலையில் தெரிந்துகொள்ளக் கூடாது.